தினமும் திறந்த கோப்பு

நவம்பர் 4, திங்கள்

இது சர்வர் அறைப் பதிவேடு. இதில் சொந்த விஷயம் எதுவும் எழுதப்பட மாட்டாது. எழுதுபவர் குழந்தைவேல், வயது நாற்பத்திரண்டு, ஈரோடு சுபமுடிச்சு திருமணத் தகவல் மையத்தில் பதினோரு வருடமாகக் கணினிப் பொறுப்பு. பழைய பதிவேடு தீர்ந்துவிட்டது. புதிதாக ஒன்று கேட்டதற்கு முதலாளி நாச்சிமுத்து ஏதோ உரக்கடை கொடுத்த போன வருட டைரியை எடுத்துக் கொடுத்தார். கிழமைகளை நானே அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

காலை 9.10. சர்வர் ஓடுகிறது. ஏ.சி. ஒழுகுகிறது, வாளி வைத்தாயிற்று. வழக்கமான சோதனைக்கு 4417-ஆம் கோப்பைத் திறந்தேன். 0.2 விநாடி. திருப்தி.

மதியமும் சோதித்தேன். 0.2. மாலையும் சோதித்தேன்.

நவம்பர் 5, செவ்வாய்

முன்மேசைத் துளசிமணி வந்து புகார் சொன்னார்.

"வேலு சார், 3086 தொறக்க மாட்டேங்குதுங்க. 'படிக்க இயலவில்லை'ன்னு வருது. 5120-உம் அப்படித்தான்."

"சரியா அழுத்தியிருக்க மாட்டீங்க."

"எட்டு வருசமா அழுத்திட்டுத்தானுங்க இருக்கறேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் போன பிறகு உடனே 4417-ஐத் திறந்தேன். 0.2 விநாடி, ஒரு குறையும் இல்லை. சர்வர் நலம் என்று குறித்துக்கொண்டேன்.

எனக்குப் பின் இந்த நாற்காலிக்கு வருபவருக்காக இங்கே ஒரு விளக்கம். மையத்தில் 6,212 வரன்கள். முதலாளிக்குக் கீழ்த்தளத்தில் மஞ்சள் மண்டியும் உண்டு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெட்டிதான். அதற்குள் இரண்டு கம்ப்யூட்டர் இருப்பதுபோல் பாவனை செய்து வைத்திருக்கிறேன். டிஸ்க் முழுவதும் தனக்கே சொந்தம் என்று ஒவ்வொன்றும் நம்பிக்கொண்டிருக்கிறது. நானும் அந்த நம்பிக்கையைக் கெடுப்பதில்லை.

டிஸ்க் என்பது பீரோ. நம் பீரோ பழசு, ஒரு கோப்பை எடுத்துத் தர ஏழு விநாடி ஆகும். ஆகவே ஒருமுறை எடுத்த கோப்பின் நகலைப் பெட்டி கைக்கெட்டும் மேசைமேல் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை கேட்டால் மேசையிலிருந்தே வரும், 0.2 விநாடியில். மேசைக்கு ரீட் கேஷ் என்று பெயர். மேசை சிறியது. புதிதாக ஒன்று வந்து இடம் போதாவிட்டால், நெடுநாளாக யாரும் கேட்காத நகல் கீழே தள்ளப்படும். மேசையில் இருப்பவை மின்சாரம் உள்ளவரைதான் இருக்கும்.

அவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ள முதலாளிக்கு ஆறு வருடம் ஆயிற்று.

நவம்பர் 6, புதன்

டிஸ்க் செத்துவிட்டது.

வெள்ளிக்கிழமையே செத்திருக்கிறது. ஐந்து நாள் பிணத்தின் மேல் உட்கார்ந்து ஆபீஸ் நடத்தியிருக்கிறோம். யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் வருகிற எல்லோரும் கேட்பது அதே முந்நூறு பேரைத்தான்: அமெரிக்கா மாப்பிள்ளைகள், பல் டாக்டர் பெண்கள், சொந்தமாக நூல் மில் உள்ளவர்கள். அவர்கள் அத்தனை பேரும் மேசைமேல் இருந்தார்கள். பீரோ காலி என்பது, யாரும் கேட்காத 3086-ஐத் துளசிமணி கேட்டபோதுதான் வெளியே வந்தது. அவர் சரியாகத்தான் அழுத்தியிருக்கிறார்.

மாலை 4 மணி. சனிக்கிழமைதோறும் நான் எடுத்துவைக்கும் மாற்று நகல் பற்றி: அது இரண்டாவது டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது. அந்த இரண்டாவது டிஸ்க்கும் பாவனை டிஸ்க் என்று இப்போது தெரிகிறது. இரண்டுக்கும் அடியில் ஒரே டிஸ்க்தான். பெட்டி தன் குடித்தனக்காரர்களை மட்டுமல்ல, என்னையும் ஏமாற்றியிருக்கிறது. இதை இதற்குமேல் விரித்து எழுத விருப்பமில்லை.

நவம்பர் 7, வியாழன்

முதலாளியிடம் சொன்னேன்.

"பொட்டி ஓடுதல்ல?"

"ஓடுதுங்க."

"ஃபேன் சத்தம் கேக்குது, லைட்டு எரியுது. அப்பறம் எதைச் செத்துப்போச்சுங்கற?"

விளக்கினேன். மேசைமேல் 312 பேர் மட்டும் மிச்சம் என்றேன். அந்த நகல்களை மொத்தமாக வேறிடம் மாற்ற முடியாதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் மொத்தமாகக் கேட்டால் பெட்டி மேசையைத் தொடாது, நேரே பீரோவுக்குப் போய்விடும். மேசை சின்னது, மொத்தச் சரக்கு ஏறினால் தாங்காது என்று அப்படி அமைத்தது நான்தான். ஒவ்வொன்றாகத் திரையில் திறந்தால் மட்டும் மேசையிலிருந்து வரும்.

"சரி, செல்போன்ல போட்டோ எடுத்துட்டாப் போச்சுங்க" என்றேன்.

முதலாளி எழுந்து நின்றுவிட்டார். பத்து வருடம் முன்பு யாரோ ஒரு பெண் பிள்ளையின் படத்தைத் திரையிலிருந்து செல்போனில் எடுத்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டான். அன்று முதலாளி சென்னிமலைக்கு நடந்தே போய், இனி எந்தப் பிள்ளையின் படமும் என் ஆபீசில் செல்போனில் ஏறாது என்று முருகனிடம் சத்தியம் செய்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து வாசலில் ஒரு மரப்பெட்டி. வருகிறவர் யாரானாலும் செல்போனை அதில் போட்டுவிட்டுத்தான் படி ஏற வேண்டும். ஒரு போலீஸ்காரர்கூடப் போட்டிருக்கிறார். திரையில் வருவதை அச்சடிக்கவோ நகலெடுக்கவோ முடியாதபடி என்னைப் பூட்டவும் வைத்தார்; அந்தப் பூட்டைத் திறக்கும் கோப்பும் செத்த டிஸ்க்கில்தான்.

"சத்தியம் சத்தியந்தான். நோட்டு வாங்கியாரச் சொல்றன். கையில எழுதோணும்."

இன்னொரு செய்தியும் சொன்னேன். வரும் வியாழன் 14-ஆம் தேதி காலை ஒன்பது முதல் ஐந்து வரை மாதாந்திர மின்தடை. யு.பி.எஸ். இருபத்தைந்து நிமிடம் தாங்கும். ஜெனரேட்டர் அன்றைக்குக் காங்கேயத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறது. அன்று முகூர்த்தம் என்பதால் வாடகைக்கும் கிடைக்காது.

"நம்ம முடிச்சு வெச்ச கல்யாணத்துக்கு நம்ம ஜெனரேட்டர் போகாம?" என்றார் முதலாளி.

4417: 0.2 விநாடி. மேசைமேல்தான் இருக்கிறது. வியாழன் 9.25 வரை இருக்கும்.

நவம்பர் 8, வெள்ளி

காலையில் முதலாளி பட்டியலைப் பார்க்க வேண்டும் என்றார். மேசையில் உள்ள 312 பேரும் எத்தனை முறை படிக்கப்பட்டார்கள் என்ற கணக்கோடு திரையில் வரும். அந்தக் கணக்கை மறைக்கும் வழி எனக்குத் தெரியும். பதற்றத்தில் மறந்துவிட்டேன்.

இரண்டாவது இடத்தில் டெக்சஸ் மாப்பிள்ளை, பெட்டியைக் கடைசியாக அணைத்துப் போட்ட மார்ச்சிலிருந்து 212 முறை. முதலிடத்தில் 4417, மார்ச்சிலிருந்து 1,146 முறை.

"அடேங்கப்பா! யாருப்பா இது? ஊரே கேட்டிருக்குது!"

"அது சோதனைக் கோப்புங்க. சும்மா..."

அதற்குள் திறந்துவிட்டார். துளசிமணியின் படம் வந்தது. எட்டு வருடம் முன்பு அவர் வேலைக்குச் சேர்ந்தபோது முதலாளியே பதிந்த கோப்பு. வயது 31. எதிர்பார்ப்பு: அரசு ஊழியர்.

துளசிமணி நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றார். 1,146 என்ற எண்ணை இரண்டு முறை பார்த்தார்.

"அம்மிணி, உன்னய ஆயிரத்துச் சொச்சம் தடவ கேட்டிருக்காங்க, நீ மூச்சு உடல! நம்ம மையத்துலயே நெம்பர் ஒண்ணு நீதான்! பக்கத்துல வெச்சுக்கிட்டு நான் கண்டுக்காம இருந்துட்டன் பாரு" என்று முதலாளி கண்கலங்கினார். கலங்கிய கண்ணோடே ஆபீஸ் போனை எடுத்துத் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் ஒருவரைக் கூப்பிட்டார். மனைவியை இழந்தவர், நல்ல மாதிரி, போர்வெல் போட ராஜஸ்தான் வரை வண்டி போகிறது. 17-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்.

சோதனைக் கோப்பாக வேறு ஏதாவது எண்ணை வைத்திருக்கலாம். 4417 நினைவில் வைத்துக்கொள்ள எளிது என்பதால் வைத்தேன்.

இன்று மழை.

நவம்பர் 9, சனி

எழுத்து வேலை ஆரம்பம். நான், துளசிமணி, முதலாளி, மூன்று திரைகள், நாற்பது நோட்டுகள். மதியத்துக்குள் இருபத்தெட்டுப் பேரை எழுதிவிட்டோம்.

2.15-க்குக் கீழே மண்டி கணக்கர் அங்கமுத்து, வந்த வியாபாரி ஒருவர் கேட்டார் என்று விலைப்பட்டியல்களைத் தேடித் திறந்திருக்கிறார். அவை செத்த டிஸ்க்கில் இருந்திருந்தால் திறந்தே இருக்காது. ஆனால் மண்டியின் பழைய பட்டியல்களுக்கு மட்டும் நான் தனியாக ஒரு பழைய டிஸ்க் மாட்டி வைத்திருந்தேன், அதில் ஐந்து வருடப் பட்டியல் இருந்தது. அத்தனையும் வந்து மேசைமேல் ஏறிவிட்டது. மஞ்சள் விலை ஏற ஏற வரன்கள் ஒவ்வொருவராகக் கீழே விழுந்தார்கள். மொத்தம் நாற்பத்தொரு பேர். அதில் மூவர் பல் டாக்டர்கள்.

முதலாளி கீழே ஓடினார்.

"அங்கமுத்து! எதையும் தொறக்காத! தொறந்தீன்னா ஒரு குடும்பம் போச்சு!"

"விலதானுங்க பாத்தேன்" என்று அங்கமுத்து அழ ஆரம்பித்துவிட்டார். முதலாளி அவருடைய கம்ப்யூட்டருக்கு ஒரு மஞ்சள் சாக்கை மாட்டிக் கழுத்தில் கயிறு கட்டிவிட்டு வந்தார்.

அவசரத்தில் முதல் வேலையாக 4417-ஐப் பார்த்தேன். இருக்கிறது. தினமும் படிக்கப்படுவதை மேசை தள்ளாது.

நவம்பர் 10, ஞாயிறு

எழுத்தைக் கையால் எழுதலாம், படத்தை என்ன செய்வது? முதலாளி முடிவு செய்தார்: முகத்தையும் எழுத வேண்டும்.

அவர் எழுதியவை சில. 1102: "மூக்கு பரவாயில்லை." 2740: "எங்கள் சின்ன மாமனைப் போல, ஆனால் நல்லவன்." 3991: "லட்சணம்." அடுத்த பதினாறு பேரும் லட்சணம்.

துளசிமணி எழுதுவது வேறு மாதிரி. 615: "சிரிக்கிறார், போட்டோக்காரர் சொன்னதற்காக. சட்டை அண்ணனுடையதாக இருக்கலாம்." 2088: "நேராகப் பார்க்கிறாள். இவளிடம் பொய் சொல்லும் மாமியார் பாவம்." படித்துவிட்டுச் சிரித்தேன். தான் சேர்ந்த எட்டு வருடத்தில் இந்த அறையில் நான் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் முறை என்று துளசிமணி சொன்னார். நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

மதியம் பெருந்துறையிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். மகளின் கோப்பு 5120. ஒரு மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்ட வேண்டும் என்றார். முதலாளி துளியும் தயங்கவில்லை.

"பாப்பாவோட கோப்பு பூஜையில இருக்குதுங்க. இந்த வாரம் தொறக்கக் கூடாது."

அந்த அம்மாள் உருகிப்போய், பிரசாதம் எப்போது கிடைக்கும் என்று கேட்டார். துளசிமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நல்ல வரன் வருமுங்க" என்றார். பிறகு ஒரு புதுப் படிவத்தை எடுத்துவைத்து, ஜாதகத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி எல்லா விவரத்தையும் மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டார். இந்த யோசனை எனக்கும் முதலாளிக்கும் தோன்றவில்லை.

நவம்பர் 11, திங்கள்

168 பேர் முடிந்தது. விரல் வீங்கிவிட்டது.

முதலாளி இப்போது வாசிப்பு முறை வைத்திருக்கிறார். படிக்காமல் விட்டால் வரன்கள் போய்விடும் என்று, மணிக்கொரு முறை யாராவது எல்லோரையும் திறந்து மூட வேண்டும். புதிதாக எதுவும் வராதவரை மேசையிலிருந்து யாரும் விழமாட்டார்கள், சும்மா இருந்தாலே போதும் என்று விளக்கினேன். "சும்மா இருந்துதானப்பா இந்த நெலம" என்றார். அங்கமுத்துவும் மேலே வந்து படிக்கிறார். டெக்சஸ் மாப்பிள்ளையின் சம்பளத்தைப் படிக்கும்போது குரல் தழுதழுக்கிறது.

எனக்கும் இங்கே ஒரு வரன் கோப்பு உண்டு; அது பட்டியலில் இருக்கிறதா என்று துளசிமணி கேட்டார். 2903. இல்லை. வெகுநாளாக ஒருவரும் திறக்கவில்லை என்று அர்த்தம். அதில் ஒன்றும் வருத்தமில்லை. மேசையின் விதி எல்லோருக்கும் ஒன்றுதான்.

நவம்பர் 12, செவ்வாய்

முதலாளி திருச்செங்கோட்டுக்காரரிடம் மறுபடி பேசினார். ஞாயிறு காலை பத்தரை மணி, உறுதி. ஐந்து பேர் வருகிறார்கள்.

துளசிமணியிடம் சம்மதமா என்று கேட்டதற்கு, "வரட்டுமுங்க, பாக்கலாம்" என்றார். அப்போது கண்ணாடியைத் துடைக்கவில்லை. நான் போய் ஏ.சி. வாளியைக் கொட்டிவிட்டு வந்தேன். அது பாதிகூட நிரம்பியிருக்கவில்லை.

நவம்பர் 13, புதன்

இன்னும் ஒன்பது பேர்தான் பாக்கி. பங்கு பிரித்ததில் 4417 எனக்கு வந்தது. பிரித்தது முதலாளி.

விவரங்களை எழுதிவிட்டு முகத்துக்கு வந்தேன். அது மட்டும் கொஞ்சம் நீண்டுவிட்டது.

நவம்பர் 14, வியாழன்

8.40. அனைவரும் ஆஜர். கடைசி நோட்டை முதலாளி சாமி படத்துக்குமுன் வைத்தார்.

9.02. மின்சாரம் போனது. யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. எல்லாம் எழுதியாகிவிட்டது, செய்ய எதுவுமில்லை, ஆனாலும் யாரும் நகரவில்லை. முதலாளி டெக்சஸ் மாப்பிள்ளையைக் கடைசியாக ஒருமுறை திறந்து பார்த்துக்கொண்டார்.

9.20. மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள்.

9.24. 4417. 0.2 விநாடி.

9.26. திரை அணைந்தது.

நவம்பர் 15, வெள்ளி

புது டிஸ்க் மாட்டினேன். நிஜமான இரண்டாவது டிஸ்க் ஒன்றும் மாட்டினேன், கையால் தொட்டுப் பார்த்து.

ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்த்த பிறகே கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. என் நோட்டுகளைச் சரிபார்த்தவர் துளசிமணி. பதினொன்றரைக்கு 23-ஆம் நோட்டோடு சர்வர் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"முகம்னு போட்டு மூணு பக்கம் எழுதியிருக்கறீங்க."

"கையெழுத்துப் பெருசுங்க."

"'மூக்கில் கண்ணாடி பதிந்த தடம். பொய் சொல்ல வேண்டிவந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.' கண்ணாடி போட்டு ரெண்டு வருசந்தானுங்க ஆச்சு. அந்தப் போட்டோ எட்டு வருசத்துப் போட்டோ. இதெல்லாம் கோப்புல எங்கீங்க இருந்துச்சு?"

நான் ஏ.சி. வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எதிர்பார்ப்பு, அரசு ஊழியர்னு எழுதியிருக்கறீங்க."

"கோப்புல அப்படித்தான் இருந்துதுங்க. நேத்துக்கூடப் பார்த்தேன்."

"அதை நான் ஜூன் மாசமே மாத்திட்டேன்."

நான் நம்பவில்லை. ஐந்து மாதமாகத் தினமும் நாலைந்து முறை பார்த்த கோப்பு. அவரோ, ஜூன் 25 அன்று புதுப் பதிவுகளையும் திருத்தங்களையும் மொத்தமாக ஏற்றியபோது தன்னுடையதையும் சேர்த்து ஏற்றியதாகச் சொன்னார்.

மொத்தமாக. மொத்தமாகப் போவதெல்லாம் மேசையைத் தொடாமல் நேரே பீரோவுக்குப் போகும். பீரோவில் கோப்பு மாறினால் மேசையிலுள்ள பழைய நகலைத் தூக்கிப் போடு என்று பெட்டிக்கு ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். அதை நான் எழுதவில்லை. மற்றவர்கள் விஷயத்தில் இது தெரியாமலே போயிற்று. சில வாரம் யாரும் படிக்காவிட்டால் பழைய நகல் தானாக விழுந்துவிடும், அடுத்த முறை பீரோவிலிருந்து புதியது வரும். 4417 மட்டும் விழவே இல்லை. தினமும் நான் படித்துக்கொண்டிருந்தேன். படிக்காமல் கொஞ்ச காலம் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

இதையெல்லாம் அவரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப, அஞ்சு மாசமா அத்தன தடவையும் பழசையே படிச்சிருக்கறீங்க."

"ஆமாங்க."

"உங்க கோப்பை நான் ஒரே ஒரு தடவதானுங்க படிச்சேன், சேந்த வருசம். 2903. கும்ப ராசி, சதயம். பொழுதுபோக்கு, இல்லை. எதிர்பார்ப்பு, இல்லை. எனக்கு ஒரு தடவ படிச்சாப் போதும்."

என்ன மாற்றி எழுதினீர்கள் என்று கேட்க வாய் திறந்தேன். அவர் நோட்டை மேசைமேல் வைத்தார்.

"டிஸ்க் போச்சுங்க. இனி அதைப் படிச்சுத் தெரிஞ்சுக்க வழியில்ல. எட்டடி தள்ளித்தான் உக்காந்திருக்கறேன். ஞாயித்துக்கெழம பத்தரைக்கு ஆளுக வாராங்க."

போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை.

நவம்பர் 16, சனி

இந்தப் பதிவேட்டில் சொந்த விஷயம் எழுதப்பட மாட்டாது என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.

காலை 9.10. சர்வரைச் சோதிக்கவில்லை. முன்மேசைக்குப் போனேன். வழியில் இரண்டு முறை திரும்பி வந்தேன். அங்கமுத்து படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று கேட்க வாய் திறந்ததைக் கேட்டேன்.

பதில் வர ஏழு விநாடி ஆனது. பிறகு அவர் முதலாளியைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று திருச்செங்கோட்டுக்குப் போன் போடச் சொன்னார்.